ஆயிரம் மணி நேரத்துக்கு ஓர் இடம்: மெல்பர்ன் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மெல்பர்னில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், முதியோர் மன்றங்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், ஏதிலியருக்காக உழைக்கும் குழுக்கள் ஆகியவற்றின் பொறுப்பில் இருக்கும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். சமூகப் பணியில் முதுகலை படிப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்நகருக்கு வரும் மாணவர்கள், தம் படிப்பின் கட்டாயப் பகுதியான களப்பயிற்சியைச் செய்ய உங்கள் அமைப்புகளில் இடம் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நானும் அப்படி வந்தவள்தான். இன்று மெல்பர்னின் டான்டனோங் பகுதியில் சமூகப் பணியாளராக இருக்கிறேன்.

"சேவை செய்வதற்குப் பட்டம் எதற்கு?" என்று உங்களில் சிலர் என்னிடமே கேட்டதுண்டு. நம் பேச்சில் சேவையும் பணியும் ஒன்றாகக் கலந்துவிட்டதால் எழும் கேள்வி அது. பக்கவாதத்தால் விழுந்த ஒரு பெரியவரை மருத்துவமனையிலிருந்து எப்போது, எந்த ஏற்பாட்டோடு வீட்டுக்கு அனுப்புவது, வீட்டில் அடிவாங்கும் ஒரு பெண்ணை இன்றிரவு எங்கே தங்க வைப்பது, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒரு குழந்தை யாரிடம் வளர்வது என்பன போன்ற முடிவுகளில் பங்கேற்பவரை இந்நாட்டில் சமூகப் பணியாளர் என்கிறார்கள். இது நமக்குப் புதிய துறையும் அல்ல. 1952-இலேயே மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப் பணிக்கென்று ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்.

இங்கே இப்படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்குவது 1946-இல் தொடங்கப்பட்ட ஆஸ்திரேலிய சமூகப் பணியாளர் சங்கம். வேறு துறையில் இளங்கலை முடித்தவர்களும் சேரக்கூடிய இரண்டாண்டு முதுகலையில், குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்பது அச்சங்கத்தின் விதி. மாணவர்கள் இதை 'பிளேஸ்மென்ட்' என்றே சொல்வார்கள். பெரும்பாலும் 500 மணி நேரமாக இரண்டு இடங்களில் அதைச் செய்கிறார்கள். நம் ஊர் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள் களத்துக்குப் போய், மீதி நாட்களில் வகுப்பில் இருப்பார்கள். இங்கோ பயிற்சிக் காலம் வந்துவிட்டால் வாரத்தில் நான்கு அல்லது ஐந்து நாள், முழு வேலை நேரத்துக்கு, மூன்றரை மாதமோ அதற்கு மேலோ போக வேண்டும். அதற்குப் பொதுவாக ஊதியம் கிடையாது. 2025 ஜூலையில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 24.95 டாலரை வைத்துக் கணக்கிட்டால், ஒரு மாணவர் கூலியின்றிக் கொடுக்கும் உழைப்பின் மதிப்பு ஏறத்தாழ 25,000 டாலர்.

ஊதியமற்ற பயிற்சி மாணவர்களை வறுமையில் தள்ளுகிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. 2025 ஜூலை 1 முதல் ஆசிரியர் கல்வி, செவிலியம், பேறுகாலப் பணி, சமூகப் பணி ஆகியவற்றைப் படிப்போரில் தகுதியுள்ளவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை வழங்கப்படுகிறது; தொடங்கியபோது அது வாரத்துக்கு 319.50 டாலர். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு அது இல்லை. விசா விண்ணப்பத்துக்கே 2,000 டாலர் கட்டி, ஓராண்டுச் செலவுக்கு 29,710 டாலர் கையில் இருப்பதாகக் காட்டி, உள்நாட்டு மாணவரைவிடக் கூடுதல் கட்டணமும் செலுத்தி வந்தவர்கள் அவர்கள். பாட காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்ய விசா அனுமதிக்கிறது. கட்டாயப் பயிற்சி அந்த 48 மணி நேரக் கணக்கில் சேராது என்பதைச் சலுகையாகச் சொல்வார்கள். நடைமுறையில் அதன் பொருள், வாரத்துக்கு 35 மணி நேரம் பயிற்சி, அதன் மேல் 24 மணி நேரம் கூலி வேலை என்பதுதான்.

என் முதல் பயிற்சிக்கு இடம் கிடைப்பதற்குள் உடன் படித்தவர்கள் பாதிப் பயிற்சியை முடித்துவிட்டார்கள். ஒரு நிறுவனத்தில் கார் ஓட்டும் உரிமம் இல்லை என்று மறுத்தார்கள். இன்னொன்றில், "உள்ளூர் அனுபவம் இல்லையே" என்றார்கள். அந்த அனுபவத்தைப் பெறுவதற்காகத்தானே பயிற்சி கேட்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, சொல்லவில்லை. இரண்டாம் பயிற்சியின்போது வார இறுதிகளில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்த்தேன். ஞாயிறு இரவு வேலை முடிந்து, திங்கள் காலை அங்கிருந்தே ரயிலில் பயிற்சிக்குப் போய், எதிரில் அழுதுகொண்டிருந்த ஒரு தாயின் பேச்சுக்கு நடுவில் கண் சொக்கியதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த முதியோர் இல்லத்தில்தான் எனக்கு வேறொன்றும் புரிந்தது. மறதி நோய் முற்றிய ஓர் ஈழத்து அம்மா, பல ஆண்டுகள் பேசிய ஆங்கிலத்தை முழுவதுமாக இழந்து தமிழில் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். பணியாளர்கள் அவரைப் பிடிவாதக்காரி என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அவர் கேட்டதெல்லாம் குளிப்பாட்டுவதற்கு ஆண் வேண்டாம், பெண் வேண்டும் என்பதுதான்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 95,000-க்கும் மேற்பட்டோர் இந்நாட்டில் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். முதியோர் உதவித் திட்டத்துக்கு எப்படிப் பதிவது என்று தெரியாத பெற்றோர், 2012, 2013-இல் படகில் வந்து இன்னும் தற்காலிக விசாவில் நாள் கடத்தும் குடும்பங்கள், ஊனமுற்றோர் காப்புறுதித் திட்டத்தின் படிவங்களோடு மல்லாடும் தாய்மார், வரதட்சணைக் கொடுமையை விக்டோரியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்பதை அறியாத மருமகள்கள் எனப் பலரும் முதலில் கதவைத் தட்டுவது உங்களிடம்தான். உங்களில் பலர் அலுவலக வேலைக்குப் பிறகு, இரவு பத்து மணிக்கு, நல்ல மனத்தை மட்டும் துணையாகக் கொண்டு அந்தத் தொலைபேசி அழைப்புகளை எடுக்கிறீர்கள். களப்பயிற்சிக்கு வேண்டிய வேலை அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

எங்களிடம் தகுதிபெற்ற சமூகப் பணியாளர் யாரும் இல்லையே என்பீர்கள். விதி அதற்கும் வழி வைத்திருக்கிறது. தகுதியும் குறைந்தது ஈராண்டு அனுபவமும் உள்ள ஒருவர் வெளியிலிருந்தே மேற்பார்வையிடலாம். 35 மணி நேரப் பயிற்சிக்கு ஒன்றரை மணி நேர மேற்பார்வை போதும். அமைப்பின் தரப்பில் அன்றாட வேலைகளைக் கொடுத்துக் கவனிக்க ஒரு பொறுப்பாளரும், மாணவர் உட்கார ஒரு மேசையும், தனியாகப் பேச ஓர் அறையும் வேண்டும். காவல்துறைச் சான்று, குழந்தைகளோடு பணியாற்றுவதற்கான அனுமதி ஆகியவற்றை மாணவரே பெற்று வருவார். ஒப்பந்தத்தையும் காப்பீட்டையும் பல்கலைக்கழகத்தோடு முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துக்கொள்ளலாம்.

ஒரு தயக்கம் நியாயமானது. நம் சமூகம் சிறியது. இன்று ஆலோசனை கேட்டு அழுதவரை நாளை கோயிலில் பார்க்க வேண்டியிருக்கும், பேச்சு வெளியே போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் இப்போது மட்டும் பேச்சு வெளியே போகாமலா இருக்கிறது? இரகசியம் காப்பதும், தெரிந்தவரின் விவகாரத்திலிருந்து முறையாக விலகிக்கொள்வதும் மாணவர் கற்று மதிப்பெண் பெற வேண்டிய பாடங்கள். அவற்றை எழுத்தில் வகுத்து வைக்கும் பழக்கம் உங்கள் அமைப்புக்கும் வந்துவிடும்.

தமிழ் அமைப்பில் பயிற்சி பெற்றால் பிற்காலத்தில் வேலை கிடைக்குமா என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. இரண்டு பயிற்சிகளில் ஒன்றை மட்டுமே நம்மிடம் செய்ய வேண்டும்; மற்றொன்று மருத்துவமனையிலோ அரசுத் துறையிலோ அமைவது நல்லது. வெளிப்படையாகச் சொன்னால், இப்படிப்புக்கு வருவோரில் பலர் குடியேற்ற விசாவுக்குத் தகுதி தரும் தொழில்களின் பட்டியலில் சமூகப் பணி இருப்பதால் வருகிறவர்கள். அதில் மறைக்க ஒன்றுமில்லை. நானும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வந்தேன்.

உங்களிடம் கண்டிப்பாகவே ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சி மாணவர் இலவச ஆள் அல்லர். பொங்கல் விழாவுக்கு நாற்காலி அடுக்கவும், நுழைவுச்சீட்டு விற்கவும், தலைவரின் உரையைத் தட்டச்சு செய்யவும் அவரைப் பயன்படுத்தினால், நான் மேற்பார்வையாளராக இருந்தால் அந்த நேரத்தைப் பயிற்சி நேரமாக ஏற்றுக் கையெழுத்திட மாட்டேன். அவரை மொழிபெயர்ப்பாளராக்கி மருத்துவரிடம் அனுப்புவதும் கூடாது. அதற்குத் தகுதிச் சான்று பெற்றவர்கள் இருக்கிறார்கள். ரயில் கட்டணத்தையும் மதிய உணவையும் அமைப்பு ஏற்றுக்கொண்டால், உதவித்தொகை இல்லாத ஒருவருக்கு அது சிறிய உதவி அல்ல.

இரண்டாம் பருவப் பயிற்சிகள் ஜூலை, ஆகஸ்டு வாக்கில் தொடங்குகின்றன. பல்கலைக்கழகங்களின் களக்கல்விப் பிரிவுகள் அதற்குப் பல மாதங்கள் முன்பே இடம் தேடத் தொடங்கிவிடும். ஆகவே உங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் முன்வரும் இரண்டு அமைப்புகளுக்குக் கட்டணமின்றி வெளி மேற்பார்வையாளராக இருக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். சனிக்கிழமை மாலைக் கூட்டமானாலும் வந்து விளக்குவேன்.

மரியாதையுடன்,
டான்டனோங்கிலிருந்து ஒரு சமூகப் பணியாளர்