டெஃப்ட் என்றால் வெறும் திறமையா?

வன்னியில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு தகப்பன் எழுதுகிறேன். போன கிழமை மகள் ரியூசனில் இருந்து ஒரு சொற்பட்டியல் கொண்டுவந்தாள். ஸ்கில்ஃபுல், அடெப்ட், டெஃப்ட் மூன்றுக்கும் நேரே ஒரே சொல்: திறமையான. அதை நம்பி, மாமா கணக்கில் டெஃப்ட் என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் எழுதியிருந்தாள். அதற்குச் சரியும் போட்டிருந்தது.

மாமா கணக்கில் விண்ணன்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குக்குப் பொருந்துவது அடெப்ட். டெஃப்ட் வேறு. வேகமும் மென்மையும் ஒன்றாகக் கூடும் இடத்தில்தான் அது வரும். கரைவலை இழுப்பவர்களின் பலத்தை அப்படிச் சொல்லமுடியாது. பக்கத்தில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்துகிறவரின் விரல்களைச் சொல்லலாம். என் பெரியம்மா சார்வோலையில் பெட்டி இழைப்பதை நீங்கள் பார்க்கவேண்டும். வாயில் ஊர்க்கதை, கண் படலையில், விரல் மட்டும் பிழைக்காது. அதுதான் டெஃப்ட்.

கையோடு நின்றுவிடுகிற சொல்லும் இல்லை. கோல்காப்பாளர் அசையுமுன் பந்தை மெல்லத் தட்டிவிடும் வீரனுக்கும், வில்லங்கமான கேள்வியை ஒருவரையும் நோகடிக்காமல் சமாளிப்பவருக்கும் பொருந்தும். அதன் பழைய ஆங்கில வேருக்குச் சாந்தமான, மென்மையான என்றுதான் பொருள். முட்டாள்தனத்தைக் குறிக்கும் டாஃப்ட் என்ற சொல்லும் அதே வேரில் வந்ததுதான். உடன்பிறப்புகள் இப்படியும் போவதுண்டு!

பெரியம்மா இடக்கைக்காரி. அதனால், கைத்திறனைக் குறிக்கும் டெக்ஸ்டரஸ் என்ற ஆங்கிலச் சொல்லை அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வராது. அது லத்தீனில் வலக்கையைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நம்முடைய வலம் என்ற சொல்லுக்கும் வலப்பக்கம், வலிமை, வெற்றி என்றெல்லாம் பொருள் இருக்கிறதே. டெஃப்ட் எந்தக் கை என்று கேட்பதில்லை.

அடுத்த பட்டியல் அச்சடிக்கும்போது திறமையான என்பதை ஸ்கில்ஃபுலுக்கு விடுங்கள். அடெப்டுக்குக் கைதேர்ந்த என்று போடலாம். டெஃப்டுக்கு இலாவகமான என்ற சொல் காத்திருக்கிறது. அதன் வடமொழி வேரிலும் இருப்பது இலேசுத்தன்மைதான்; இரண்டும் நன்றாகவே ஒட்டும். பக்கத்தில் ஓர் உதாரண வசனமும் போட்டால் பிள்ளைகள் தடுமாறமாட்டார்கள்.

மகள் வசனத்தை மாற்றி எழுதிவிட்டாள். இப்போது அதில் மாமா இல்லை, பெரியம்மா இருக்கிறார்.