சஷ்டி பிடிக்கிற தம்பிக்கு, ஏழு தீர்மானங்களைப் பற்றி

அன்புள்ள தம்பி,

தை முதலாம் திகதி டயறியின் முன்பக்கத்தில் எழுதின ஏழு தீர்மானங்களையும் படம் எடுத்து அனுப்பியிருந்தீர். சீனி குறைக்கிறது, காலமையில் நடக்கிறது, போன் பார்க்கிறதைக் குறைக்கிறது, நாட்குறிப்பு எழுதுகிறது, காசு மிச்சம் பிடிக்கிறது, கோபப்படாமல் இருக்கிறது, மாதம் ஒரு புத்தகம் படிக்கிறது. மாசி முடிய முதல் ஏழும் போய்விட்டது, "எனக்கு மன உறுதி இல்லை அக்கா" என்று கீழே ஒரு வரி. அந்த வரியை முதலில் வெட்டிவிடும்.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆறு நாளும் கந்தசஷ்டி பிடிக்கிற ஆள் நீர். ஐந்து நாள் ஒருநேரச் சாப்பாடு, ஆறாம் நாள் உபவாசம், சூரன்போர், மறுநாள் காலமை பாறணை. நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறினால் 25 நாளும் உங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை. இதைப் பிடிக்கிறவருக்கு உறுதி இல்லையென்றால் வேறு ஆருக்கு இருக்கும்? விரதத்தைக் கட்டியிருக்கிற விதம் ஒன்று, நீர் டயறியில் தீர்மானத்தை எழுதின விதம் வேறு. கோளாறு அங்கேதான்.

விரதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாரும். தொடங்குகிற நாள் பஞ்சாங்கத்தில் இருக்கிறது, முடிகிற நாளும் இருக்கிறது. எதைச் சாப்பிடலாம், எதை ஏலாது என்பதில் சந்தேகமே இல்லை. கொடியேற முதல் நாள் வீடு கழுவி, மச்சச் சட்டியை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். பிறகு ஆசைப்பட்டாலும் சமைக்கச் சட்டி வெளியே இல்லை. வீட்டுக்காரர் எல்லாருக்கும் தெரியும், காப்புக் கட்டினவர் என்றால் கையைப் பார்த்த உடனே ஊருக்கும் தெரியும். உடம்புக்கு ஏலாதவர் பால்பழத்தோடு பிடிக்கலாம் என்று ஒரு சின்னப் படியும் முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். கடைசியில் பாறணை. அதாவது முடித்துவைக்கிறதற்கென்றே ஒரு வேளை.

உம்முடைய ஏழில் இதில் ஒன்றாவது இருக்கிறதா? "சீனி குறைக்கவேணும்." எவ்வளவு, எந்தத் தேத்தண்ணியில், எந்த நாள்வரை? முடிகிற நாள் இல்லாத தீர்மானத்தில் ஒருநாள் பிழைத்தாலும் முழுவதும் பிழைத்த மாதிரித்தான் தெரியும். அதனால்தான் மாசியில் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது.

இன்னொரு கணக்கும் உம்மை ஏமாற்றியிருக்கலாம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எங்கும் சொல்கிறார்கள். மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர், முகத்தை மாற்றிக்கொண்ட நோயாளிகளுக்குப் புதுமுகம் பழகக் குறைந்தது 21 நாளளவில் எடுக்கிறது என்று 1960இல் எழுதினார். பிறகு ஆட்கள் "குறைந்தது" என்ற சொல்லை விட்டுவிட்டு நாளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். லண்டன் யுனிவேர்சிற்றி கொலிஜ்ஜில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு செயல் யோசிக்காமல் தானாக வருவதற்கு நடுக்கணக்காக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள்வரை வித்தியாசம். உமக்குப் பயன்படப்போகிறது அதில் இன்னொன்று: இடையில் ஒருநாள் தவறினது பழக்கம் வருவதைப் பெரிதாகக் குழப்பவில்லை.

ஆகவே ஒரு மண்டலம் எடும். 48 நாள், ஒரு நாள் குறைய ஏழு கிழமை. ஏழு தீர்மானத்தையும் அதற்குள் அடைக்கவேண்டாம். ஒன்றைப் பிடித்து, அதைக் கவனிக்க ஒரு கொப்பி வைத்தால் போதும். முதலாவதாகச் சீனியை எடுக்கச் சொல்லுவேன். அளக்கக்கூடியது, ஒரு நாளைக்கு நாலு தரம் வருகிறது, வீட்டுக்குள்ளேயே நடக்கிறது.

நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி என்று எழுதியிருந்தீர். தட்டின கரண்டி ஒன்று ஏறக்குறைய 4 கிராம். எட்டுக் கரண்டிக்கு 32 கிராம். குவித்து அள்ளினால் இதைவிட எவ்வளவோ கூட. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்கு எடுக்கிற சேர்த்த சீனி 50 கிராமுக்குக் கீழே நிற்கவேண்டும், 25க்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்று. பிஸ்கற், கேக், சோடா ஒன்றையும் எண்ணாமலே உமது தேத்தண்ணி 25ஐத் தாண்டிவிட்டது.

இதைக் கால் கரண்டி, அரைக் கரண்டி என்று குறைக்கப் போனால் மூன்றாம் நாள் அலுத்துவிடும், கால் கரண்டியைக் கண்ணால் அளக்கவும் ஏலாது. ஒரு சின்ன ஜாம் போத்தலைக் கழுவிக் காயவையும். ஒவ்வொரு நாளும் காலமையில் அந்த நாளுக்கான சீனியை, கத்தி முதுகால் தட்டின கரண்டியாக எண்ணி, அதற்குள் போடும். மண்டலம் தொடங்க முன்னம் ஒரு மூன்று நாள் குறைக்கவே வேண்டாம், உண்மையில் எத்தனை போகிறது என்று எண்ணினால் சரி. எட்டு என்று நினைத்திருப்பீர், பத்தாகவும் இருக்கலாம். பத்து என்றால் மண்டலம் தொடங்க முதல் இரண்டு கிழமை கூட எடுத்து எட்டுக்கு இறக்கும். பிறகு முதலாம் கிழமை ஏழு கரண்டி, இரண்டாம் கிழமை ஆறு, இப்படிக் கிழமைக்கு ஒரு கரண்டி. ஏழாம் கிழமை போத்தலில் ஒரே ஒரு கரண்டி, 4 கிராம், நாலு தேத்தண்ணிக்கும் அதுதான். எந்தத் தேத்தண்ணிக்குக் கூட, எதற்குக் குறைய என்பது உம்முடைய விருப்பம். போத்தல் முடிந்தால் அந்த நாளுக்கு முடிந்தது. மூடியை இறுக்கமாகப் பூட்டும், எறும்பு ஏறினால் அன்றைக்கே போத்தலை விட்டுப் பழையபடி சீனிப்பேணிக்குப் போய்விடுவீர்.

சறுக்குகிற இடங்களைச் சொல்கிறேன். கந்தோர்க் கன்ரீனில் சீனி கலந்தே வரும். "சீனி குறையப் போடுங்கோ" என்று சொன்னால் போடுகிறவருடைய குறைவுதான் உமக்குக் கிடைக்கும். "சீனி போடாமல் தாங்கோ" என்று சொல்லி, போத்தலைப் பையில் கொண்டுபோம். கலந்து வந்துவிட்டால் இரண்டு கரண்டி என்று வைத்துப் பின்னேரக் கணக்கில் கழியும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்தால் அதுவும் சீனிக் கணக்குத்தான், பனையில் இருந்து வந்ததால் விலக்கு இல்லை. நாலாம் ஐந்தாம் கிழமையில் துவர்ப்புத் தெரியத் தொடங்கும். அந்த இடத்தில் விடுகிறவர்கள் கூட. அது சீனி குறைந்ததால் மட்டும் வருவதில்லை, சாயம் கன நேரம் ஊறினதாலும் வருகிறது. தேயிலையைக் கொதிக்கவிடாமல் மூன்று நிமிடத்தில் வடித்துப் பாரும், ஒரு இஞ்சித்துண்டு தட்டிப் போடும். அப்படியும் முடியாவிட்டால் அதே அளவில் இன்னொரு கிழமை நில்லும். மேலே ஏறவேண்டாம். நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறவராக இருந்தால் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்கும்.

மற்றது, ஒரு விசயத்தை நேரே சொல்லவேணும். உம்முடைய தேத்தண்ணியை நீர் போடுவதில்லை. காலமையும் பின்னேரமும் அம்மாவோ வீட்டுக்காரியோ போட்டுத் தருகிறார்கள். கரண்டி அவர்களுடைய கையில் இருக்கும்போது தீர்மானத்தை டயறியில் எழுதி என்ன பயன்? பேஸ்புக்கில் போடவேண்டாம், அந்தக் கரண்டி பிடிக்கிற ஒருவரிடம் சொல்லும். அதைவிட நல்லது, அந்த 48 நாளும் உம்முடைய தேத்தண்ணியை நீரே போடுகிறது.

இனிக் கொப்பி. 80 பக்கச் சதுரறூள் கொப்பி ஒன்று போதும். டயறி வேண்டாம், திகதி அச்சடித்த வெறும் பக்கங்கள் கடன் மாதிரிக் கிடந்து உறுத்தும். பேனையை நூலால் கொப்பியோடு கட்டிவிடும். போனில் எழுதவேண்டாம், எழுதத் திறந்த கையில் மெசேஜ் வந்து நிற்கும். நேரம் குறிக்காமல் ஒரு வேலையோடு சேர்த்துவையும்: இரவு சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்த கையோடு. மணி ஒன்பது என்று வைத்தால் ஒருநாள் ஒன்பதரை ஆகும், பிறகு அது நாளைக்கு ஆகும். கோப்பை கழுவாத இரவு இல்லை.

மூன்று வரி, ஐந்தைத் தாண்டக்கூடாது. முதல் வரி, போத்தல் கணக்கு. இரண்டாவது, இன்றைக்கு எங்கே சறுக்கியது, அல்லது எங்கே சறுக்கப் பார்த்தது. மூன்றாவது, இன்றைக்குக் கண்ணில் பட்ட ஒன்று.

இரண்டாவது வரியில்தான் முழு வேலையும். "இன்றைக்கும் மனக்கட்டுப்பாடு இல்லை" என்று எழுதினால் அது தீர்ப்பு, நாளைக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது. இப்படி எழுதிப் பாரும்: "செவ்வாய், பின்னேரம் 4.10, மீற்றிங், மத்தியானம் சாப்பிடவில்லை, கலந்த தேத்தண்ணி வந்தது, இரண்டு குடித்தேன்." நாள், மணி, இடம், அதற்கு முதல் என்ன நடந்தது. பதினாலு நாள் கழித்து எல்லாவற்றையும் ஒருமிக்க வாசித்தால் ஒரே மணி, ஒரே இடம் திரும்பத் திரும்ப வரும். பெஞ்சமின் பிராங்கிளின் 13 நற்குணங்களைக் குறித்து, கிழமைக்கு ஒன்றென்று எடுத்து, பிழைத்த நாளுக்குக் கறுப்புப் புள்ளி போட்டவர். ஒன்றொன்றாக எடுத்தது மெத்தச் சரி. ஆனால் புள்ளி எத்தனை தரம் என்று சொல்லுமே தவிர ஏன் என்று சொல்லாது. எங்களுக்கு ஏன் என்பதுதான் வேணும்.

கோபத்தையும் இங்கே கொண்டுவாரும். "கோபப்படமாட்டேன்" என்பதை விரதமாகப் பிடிக்க முடியாது, கோபம் வருகிற நேரம் தீர்மானம் நினைவில் இருக்காது. இரண்டு கிழமைக் குறிப்பில், கந்தோரால் வந்து பத்து நிமிடத்துக்குள்தான் பிள்ளைகளோடு சத்தம் என்று தெரியவந்தால், வேலை இலகு. பீற்றர் கோல்விற்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் நீண்டகாலம் ஆராய்ந்த விசயம் இது: "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவைத்த தீர்மானம், வெறும் ஆசையாக எழுதினதைவிட நன்றாக நிற்கிறது. கேற்றைத் திறந்து வந்தால் முதலில் ஒரு செம்புத் தண்ணி, பிறகு கிணற்றடியில் முகம் கழுவுகிறது, அதுக்குப் பிறகுதான் கதை. இவ்வளவுதான் அந்தத் தீர்மானம்.

மூன்றாவது வரியைச் சின்ன விசயமாக நினைக்கவேண்டாம். தேசி பூத்திருக்கிறது. அம்மா இந்தக் கிழமை இரண்டு தரம் இரவு மருந்தை மறந்தா. மகள் சைக்கிளில் கால் எட்டி ஓடுகிறாள். வெறும் பிழைக் கணக்கு எழுதுகிற கொப்பியைப் பத்து நாளைக்குமேல் ஒருத்தரும் விரும்பித் திறப்பதில்லை. இந்த வரி இருந்தால் திறப்பீர், வருடம் கழித்து அதைத்தான் வாசிப்பீர். இரண்டு தரம் மருந்து மறந்தது என்பது எழுதினால்தான் "இரண்டு தரம்" என்று தெரியும்.

தவறின நாளை அடுத்தநாள் நிரப்பவேண்டாம். ஒரு வரி வெறுமையாக விட்டு அன்றைய திகதியில் தொடங்கும். செத்தவீடு, கலியாணவீடு வரும். செத்தவீட்டில் சீனி போட்ட பிளேன்ரீ வந்துகொண்டே இருக்கும், கலியாணவீட்டில் பயித்தம்பணியாரத்தை கையில் திணிப்பார்கள். வாங்கும், சாப்பிடும், எழுதும். துடக்கு வந்தவர் கழிந்த பிறகு கோயிலுக்குப் போகிற மாதிரி, மறுநாள் விட்ட கிழமையின் அளவிலேயே தொடரும். ஏழு கரண்டிக்குத் திரும்பப் போகவேண்டாம். இரண்டு நாள் தொடர்ந்து தவறக்கூடாது என்பதை மட்டும் இறுக்கிப் பிடியும்.

நடையை இப்போது தொடவேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஒழுங்கை எல்லாம் வெள்ளம், விடியப்புற இருட்டு, நாய். தையில் தொடங்கலாம், அப்பவும் மழைநாளுக்கு விறாந்தையில் பதினைந்து நிமிடம் என்று பால்பழப் படி ஒன்றை முதலே எழுதிவையும். காசு மிச்சம் பிடிக்கிறதற்கு உறுதி தேவையில்லை, சம்பளம் விழுந்த மறுநாள் ஒரு தொகை தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஒரே தரம் எழுதிக்கொடுக்கலாம். போனும் புத்தகமும் அடுத்த மண்டலத்துக்கு இருக்கட்டும்.

48ஆம் நாள் பாறணை செய்யும். கொப்பியை முதலில் இருந்து வாசித்து, ஒரு கரண்டியில் நிற்கிறதா, இரண்டுக்கு ஏறுகிறதா, முழுக்க விடுகிறதா என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மூடும். இரண்டில் நிற்கப் போகிறேன் என்றாலும் சரிதான், எட்டில் இருந்து வந்தவர் நீர்.

இந்தச் சஷ்டிப் பாறணை முடிந்து முதல் தேத்தண்ணி போடுகிற நேரம், எத்தனை கரண்டி போட்டீர் என்று எண்ணிக் கொப்பியில் எழுதி எனக்கும் அனுப்பும். அன்றைக்குக் குறைக்கவேண்டாம்.

அன்புடன்,
அக்கா