பழைய கேமரா ஷட்டர்ல எண்ணெய் விடச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல வந்த வீட்டுக்குறிப்புல, பழைய ஃபோல்டிங் கேமராவுல (மடக்கி வைக்கற கேமரா) ஷட்டர் சிக்கிக்கிட்டா தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க, சரியாயிடும்னு போட்டிருந்தீங்க. தயவு செஞ்சு அதுக்கு ஒரு திருத்தம் போடுங்க சார். பிரெஞ்சுப் பட்டாளத்துல சேந்து சைகோன், பிரான்சுன்னு போய் வந்த சொல்தா குடும்பங்க இருக்கற ஊரு நம்ம புதுச்சேரி, ஆக்ஃபா இசொலெட், சைஸ் ஐகான் நெட்டார்னு தாத்தா பெட்டியில ஒரு கேமரா கெடக்கற வீடு இன்னமும் இருக்கு, அந்தக் குறிப்பைப் படிச்சுட்டு யாராவது எண்ணெய் ஊத்திட்டாங்கன்னா நல்ல கேமரா வீணாப் போயிடுமேன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது.

இந்த ஷட்டர்ல இருக்கறது ரொம்ப மெல்லிசான தகடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டே தொறந்து மூடணும், அதுவும் 1/200 செகண்டு மாதிரி நேரத்துல. அதுங்க சுத்தமா காய்ஞ்சு இருக்கணும். எண்ணெய் பட்டுச்சுன்னா ஈரமான ரெண்டு கண்ணாடித் துண்டு ஒட்டிக்கற மாதிரி ஒட்டிக்கும், அந்தச் சின்ன ஸ்பிரிங்குக்குப் பிரிக்க பலம் பத்தாது. ஸ்ப்ரே எண்ணெய் இன்னும் மோசம், லென்ஸ் மேலயும் படலமா படிஞ்சுடும்.

முதல்ல நிஜமாவே ஷட்டர்தான் சிக்கியிருக்கான்னு பாக்கணும். பல மாடல்ல ஒரே படத்து மேல இன்னொரு படம் விழாம இருக்க ஒரு பூட்டு வச்சிருக்கான், ஃபிலிமை அடுத்த நம்பருக்குத் திருப்பலைன்னா மேல இருக்கற பட்டன் எறங்கவே எறங்காது. அதைப் பாத்துட்டு கெட்டுப்போச்சுன்னு காயலாங்கடைக்குப் போடறவங்க உண்டு. லென்ஸை ஒட்டி இருக்கற லீவரை இழுத்து ஷட்டரை ஏத்திட்டு, அதாவது ஸ்பிரிங்கை முறுக்கி தயாரா வச்சுட்டு, ஷட்டர்லயே இருக்கற ரிலீஸை நேரா தட்டிப் பாருங்க. டக்குன்னு தொறந்து மூடி அடிச்சுதுன்னா ஷட்டர் நல்லா இருக்கு, கோளாறு பட்டன் பக்கம்.

வேகத்தை மாத்தி மாத்தியும் பாக்கணும். 1/100 அடிக்குது, ஆனா 1 செகண்டு, 1/2 செகண்டுல தொறந்து அப்படியே நிக்குதுன்னா, மெதுவான வேகத்துக்குன்னு உள்ள இருக்கற குட்டி பல்சக்கரங்கள்ல பழைய எண்ணெய் பிசினா காய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். தேய்மானம் இல்ல சார், அழுக்கு, அவ்வளவுதான். செல்ஃப் டைமர் பாதியில நின்னு போய் மொத்தத்தையும் பிடிச்சு வைக்கறதும் நடக்கும், அந்த லீவரை அது போற திசையிலயே விரலால மெதுவா தள்ளி விடுங்க, அதுக்கப்புறம் டைமரைத் தொடாதீங்க. இன்னொண்ணு, கம்பூர் ரேப்பிட்ங்கற வகை ஷட்டர்ல 1/500 வைக்கணும்னா ஏத்தறதுக்கு முன்னாடியே வச்சிடணும், ஏத்தின பிறகு பலவந்தமா திருப்பக் கூடாது, அந்த ஒரு வேகத்துக்குத் தனியா கெட்டி ஸ்பிரிங் இருக்கு.

சுத்தம் பண்ண சிகரெட் லைட்டர்ல ஊத்தற ஃப்ளூயிட் போதும். ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டு, பக்கத்துல நெருப்பு இல்லாம செய்யணும். முன் லென்ஸைக் கழட்டறதுக்கு முன்னாடி அது எந்த இடத்துல நிக்குதுன்னு பென்சில்ல கோடு போட்டுக்கோங்க, இல்லன்னா தூரத்துல இருக்கறது எதுவுமே ஃபோகஸ் ஆகாது. பஞ்சுக் குச்சியை லேசா நனைச்சு தகடைத் துடைக்கணும், ஷட்டரை அடிக்கணும், திரும்பத் துடைக்கணும். மொத்தமா ஊத்தினா உள்ள இருக்கற பிசினெல்லாம் கரைஞ்சு வந்து தகடு மேலயே உக்காந்துக்கும். ஒட்டின எண்ணெய் பூரா போற வரைக்கும் பொறுமை வேணும். அசிட்டோன் வேண்டாம், பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் தின்னுடும். ஆக்ஃபாவுல ஃபோகஸ் வளையமே இறுகிக் கெடந்தா அது அந்தக் கம்பெனியோட பச்சை கிரீஸ் கெட்டியானது, இடுக்கி போட்டு முறுக்காதீங்க, சூடு காட்டி மெதுவா இளக்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க.

நம்ம கடற்கரை ஈரத்துக்கு தோல் உறையில வச்சா லென்ஸ்ல பூஞ்சை வந்துடும், உறையை விட்டு வெளிய எடுத்து மூடியுள்ள டப்பாவுல ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க, ஷட்டரை ஏத்தி வச்சபடி விடாதீங்க. இந்தக் கேமராக்கள்ல போடற 120 ஃபிலிம் இன்னைக்கும் புதுசா தயாரிச்சு விக்கறாங்க, சில மாடல்ல கிடைக்கற 6க்கு 9 சென்டிமீட்டர் நெகட்டிவ் சாதா 35 மில்லிமீட்டரை விட அஞ்சு மடங்குக்கு மேல பெருசு, அதனால இந்த மெனக்கெடல் நிச்சயமா தகும். ஷட்டர் சரியானதும் ரோல் போடறதுக்கு முன்னாடி ராத்திரி லைட்டை அணைச்சுட்டு லென்ஸுக்குப் பின்னாடி மடிப்பு மடிப்பா இருக்கற பெல்லோஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க, மடிப்பு மூலையிலதான் ஓட்டை விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி