எலெக்ட்ரானிக் கியர் வைத்த கார்பன் ரோட் பைக் வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கார்பன் ரோட் பைக் விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, கியர் செய்யும் இரண்டு கம்பெனிகளில் எது என்ற பொருளில், "ஷிமானோவா, ஸ்ராமா?" என்றுதான். அதற்குப் பதில் கீழே இருக்கிறது. ஆனால் சில லட்சம் போட்டு வாங்கிய வண்டியைக் கொஞ்ச நாளில் விற்க வருகிறவர்கள் சொல்லும் காரணம் கியராக இருப்பது அபூர்வம். கழுத்து வலி, விரல் மரத்துப்போவது, மலையில் பெடல் மிதிக்க முடியாமல் நிற்பது, இவைதான் அடிக்கடி காதில் விழுகின்றன. எனவே அளவிலிருந்து தொடங்குவோம்.

ஃபிரேம் மேல் 54 என்று போட்டிருப்பதை நம்பி எடுக்காதீர்கள். ஒரு கம்பெனியின் 54-ம் இன்னொன்றின் 54-ம் ஒன்றல்ல. பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: ஸ்டாக், ரீச். பெடல் அச்சின் நடுவிலிருந்து ஹெட் டியூபின் (ஃபிரேமின் முன்பக்கம், ஃபோர்க் நுழையும் குழாய்) மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச். ரேஸ் வடிவ ஃபிரேமுக்கும், நெடுந்தூரம் சற்று நிமிர்ந்து ஓட்டுவதற்கான எண்டூரன்ஸ் வடிவத்துக்கும் ஒரே சைஸில் ஸ்டாக் 2, 3 செ.மீ. மாறும். அந்த 3 செ.மீ.தான் 100 கி.மீ. ஓட்டிய பிறகு உங்கள் தோள்பட்டை எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஹேண்டில்பாரைத் தூக்க ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு பிடித்திருக்கும் பாகம்) கீழே 3 செ.மீ.க்கு மேல் ஸ்பேசர் வளையங்களை அடுக்க வேண்டியிருந்தால், அந்த ஃபிரேம் உங்களுக்கானது இல்லை. எண்டூரன்ஸ் எடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது.

சீட் உயரத்துக்கு வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே இறுக்கமாக மேலே தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை உள்ள அளவை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரைக்குமான உயரம் கிடைக்கும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. இது தொடக்கப் புள்ளிதான். ஷூ, அதன் அடியில் பெடலில் மாட்டும் கிளீட், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நீளம் எல்லாம் சேர்ந்து ஒரு செ.மீ. அப்படி இப்படி நகர்த்தும்.

இப்போது வரும் வண்டிகளில் ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே கார்பன் துண்டாக வருவது சகஜம். பார்க்க அழகு. ஆனால் ஸ்டெம் 10 மி.மீ. கூடுதல் நீளம் என்று பிறகு தெரிந்தால், முழு ஹேண்டில்பாரையே மாற்ற வேண்டும்; பல மாடல்களில் பிரேக் ஹோஸைக் கழற்றி, எண்ணெய் ஏற்றி, காற்றெடுக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். ஃபிட்டிங்கை வாங்கும் முன்பே முடித்துவிடுங்கள். ஃபோர்க்கின் மேல் குழாயையும் முதல் நாளே வெட்டச் சொல்லாதீர்கள். ஓரிரு மாதம் ஓட்டி, உயரம் பழகிய பின் வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

அடுத்து கியர் விகிதம். ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறவருக்கு எந்த கேசட்டும் (பின் சக்கரத்துப் பல் சக்கரங்களின் அடுக்கு) போதும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளோ, கொல்லிமலையின் 70 வளைவுகளோ கணக்கில் இருந்தால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல்: 28 மி.மீ. டயரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.7 கி.மீ. ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்றால், 8 சதவீத ஏற்றத்தில் இதற்குச் சுமார் 150 வாட் வேண்டும். அதே 60 சுற்றுக்கு, முன்னால் 36, பின்னால் 30 வைத்த வண்டி சுமார் 175 வாட் கேட்கும். இந்த 25 வாட் வித்தியாசத்தை ஒரு மணி நேரம் தாங்குவது எல்லோராலும் ஆகாது. முன்னால் 52, 36 பல் உள்ள 52/36 கிராங்க் ஷோரூமில் கம்பீரமாகத்தான் தெரியும்; மலைக்குப் போகிறவர்கள் 50/34 கிராங்க்கும் 11-34 கேசட்டும் எடுங்கள். ஸ்ராமில் 48/35-உடன் 10-36 கேட்டு வாங்குங்கள். அந்த 10 பல் கேசட்டுக்கு எக்ஸ்டிஆர் (XDR) வகை ஃப்ரீஹப் (பின் வீலில் கேசட் மாட்டும் பாகம்) வேண்டும். பழைய ஷிமானோ வீலை அதில் மாட்டலாம் என்று நினைத்திருப்பவர்கள் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 80 கிலோவில் 1 கிலோ குறைத்தால், ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது சுமார் 40 விநாடி. சமதளத்தில் தெரியவே தெரியாது. பந்தய வண்டிக்கே 6.8 கிலோவுக்குக் கீழ் போகக்கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐயின் விதி இருக்கிறது.

சரி, ஷிமானோவா, ஸ்ராமா? ஷிமானோவின் 12 கியர் எலெக்ட்ரானிக் அமைப்பான டிஐ2-வில், கியர் பொத்தான்கள் உள்ள பிரேக் லீவர்கள் வயர் இல்லாமல் பேசும். ஆனால் செயினை நகர்த்தும் முன், பின் டெரெய்லர்கள் இரண்டும் சீட் போஸ்ட்டுக்குள் இருக்கும் ஒரே பேட்டரியோடு வயரில் இணைந்திருக்கும். சார்ஜ் போடும் துளை பின் டெரெய்லரில். அதாவது வண்டியையே பிளக் பாயின்ட் பக்கம் கொண்டுபோக வேண்டும். கீழே பார்க்கிங்கில் வண்டி நிறுத்தும் அடுக்குமாடிவாசிகள் இதை யோசியுங்கள். அதன் கேபிளின் முனை தனி வகை. தொலைந்தால் போன் கேபிள் உதவாது. ஸ்ராமின் எலெக்ட்ரானிக் அமைப்பான ஆக்சஸில் டெரெய்லர் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன பேட்டரி, கையால் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போய்ச் சார்ஜ் போடலாம். ஒரு சார்ஜில் ஷிமானோ சுமார் 1000 கி.மீ. என்கிறது, ஸ்ராம் சுமார் 60 மணி நேரம் என்கிறது. ஸ்ராமை காரின் பின்னால் கட்டி எடுத்துப் போகும்போது பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். குலுங்கக் குலுங்க அது விழித்துக்கொண்டே இருந்து சார்ஜைத் தின்றுவிடும்.

வழியில் சார்ஜ் தீர்ந்தால்? ஷிமானோவில் முதலில் முன் டெரெய்லர் நிற்கும், பிறகு பின்னது, கடைசியாக இருந்த கியரிலேயே வீடு வர வேண்டும். ஸ்ராமில் இரண்டு பேட்டரியும் ஒரே வகை. முன்னால் சிறிய செயின்ரிங்குக்கு மாற்றிவிட்டு, முன் பேட்டரியைக் கழற்றிப் பின்னால் மாட்டினால் பின் கியர்கள் அத்தனையும் கிடைக்கும். லீவருக்குள் இருக்கும் பட்டன் செல்லை மறந்துவிடாதீர்கள்: ஸ்ராமில் ஒரு லீவருக்கு ஒரு சிஆர்2032, ஷிமானோவில் லீவருக்கு இரண்டு சிஆர்1632. அது தீர்ந்தால் டெரெய்லர் பழுதானது போலவே இருக்கும். சிஆர்2032 பல கடைகளில் கிடைக்கும். சிஆர்1632 அப்படியில்லை, ஒரு ஜோடி சீட் பையில் கிடக்கட்டும்.

பிடித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டிய ஒன்று கியர் மாற்றும் முறை. ஸ்ராமில் வலது லீவர் கியரைக் கனமாக்கும், இடது இலகுவாக்கும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன்னால் மாறும். ஷிமானோவில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பொத்தான்கள் அருகருகே. மழையில் கையுறையோடு சிலருக்குத் தடுமாறும். ஆப்பில் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். தரத்தைப் பொறுத்தவரை, ஷிமானோவின் 105 டிஐ2 அல்லது ஸ்ராமின் ரைவல் ஆக்சஸ் போதும் என்பதே எங்கள் கருத்து. இவற்றுக்கு மேல்தர வரிசைகளில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் எடைக் குறைவு. மிச்சப் பணத்தை நல்ல வீலுக்கும் டயருக்கும் போடுங்கள்.

எலெக்ட்ரானிக் கியரில் கேபிள் துருப்பிடிப்பது, இறுகுவது கிடையாது. கடற்காற்றில் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் ஹேங்கர் (பின் டெரெய்லரை ஃபிரேமில் மாட்டும் சின்னத் துண்டு) வளைந்திருப்பது மோட்டாருக்குத் தெரியாது. வண்டி வலது பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால், பெரிய பல்லுக்கு மாற்றும் முன் பின்னாலிருந்து பாருங்கள்: டெரெய்லர் கூண்டு செங்குத்தாகத் தொங்க வேண்டும். உள்ளே சாய்ந்திருந்தால் ஸ்போக்கில் போய்ச் சிக்கும். டெரெய்லர், வீல், சில சமயம் ஃபிரேம், மூன்றும் போகும். உங்கள் மாடலுக்கான ஹேங்கர் ஒன்றை வண்டியோடு சேர்த்தே வாங்குங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் அது மாறும், பிறகு தேடினால் வாரக்கணக்கில் ஆகும்.

ஹெட்செட் (ஹெட் டியூபில் ஃபோர்க் திரும்பும் பேரிங் அமைப்பு) வழியாக பிரேக் ஹோஸ் போகும் வண்டிகளில் மேல் பேரிங்தான் பலவீனம். வியர்வை நேராக அங்கேதான் சொட்டுகிறது, வீட்டில் டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்ட்) ஓட்டினால் இன்னும் அதிகம். சில வடிவமைப்புகளில் அந்தச் சின்ன பேரிங்கை மாற்றப் பிரேக் ஹோஸையே அறுத்து மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். வாங்கும் முன் "மேல் பேரிங் மாற்ற என்ன கூலி?" என்று கேளுங்கள். டிரெய்னரில் ஏறும் முன் ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டைப் போடுங்கள்.

பிரேக் எண்ணெயில் கலப்படம் கூடாது. ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் ரோட் பிரேக்குக்கு டாட் 5.1. மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெடும். டாட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சென்னை ஈரப்பதத்தில் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

வீலில் ஹுக்லெஸ் ரிம் (டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாதது) வந்தால், அதற்கென்று அனுமதித்த டயர் மட்டுமே போட வேண்டும், காற்று 5 பாரைத் தாண்டக்கூடாது, அதாவது 72 பிஎஸ்ஐ. டயரை இரும்பாக ஏற்றிப் பழகியவர்கள் ஹுக் உள்ள ரிம்மையே கேளுங்கள். ஃபிரேமில் 30 அல்லது 32 மி.மீ. டயர் நுழைய இடம் இருக்கட்டும்.

வண்டி எடுக்க வரும் நாளில் சைக்கிள் ஷூவோடு வாருங்கள். சீட் போஸ்ட்டில் கிரீஸ் அல்ல, கார்பன் பேஸ்ட் தடவியிருக்கிறதா என்று பாருங்கள். கிளாம்ப்பை அதில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மட்டும் டார்க் ரெஞ்சால் உங்கள் முன்னிலையில் இறுக்கச் சொல்லுங்கள். டெரெய்லர்களை உங்கள் போனில், உங்கள் கணக்கில் இணைத்து, ஃபர்ம்வேர் ஏற்றிய பிறகே பில்லில் கையெழுத்துப் போடுங்கள். ஃபிரேம் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடையினர், சென்னை