அலுமாரியில் இருக்கும் சாவி

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பருத்தித்துறைக் கடைவீதி ஆறரைக்கே இருண்டுபோகிறது, பஸ்ஸால் இறங்கும் சனம் நேரே வீட்டுக்குப் போய்விடுகிறது என்று எழுதியிருந்தாய். கடைவீதியை மீட்க உங்கள் வியாபாரிகள் சங்கம் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தாய். மனம் பாரமாகிவிட்டது. தெருவுக்கு மேலே கூரை போட்ட அந்தப் பழைய தெருமூடி மடத்தில் உட்கார்ந்து நாங்கள் தட்டை வடை சாப்பிட்ட பின்னேரங்கள்தான் நினைவுக்கு வந்தன.

போன கிழமை புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போனவன், மிதக்கும் சந்தைப் பக்கமும் எட்டிப் பார்த்தேன். 2014இல் திறந்தபோது பிள்ளைகளோடு போயிருந்தேன், நிற்க இடமில்லை. இப்போது பல கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. அங்கிருந்து கோட்டைக்கு நடந்தால், 2011இல் திருத்தி, கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாகத் திறந்த பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் பின்னேரம் கதிரை கிடைப்பதே கஷ்டம். காரணம் தெளிவாகத்தான் தெரிகிறது. கோட்டையில் சுற்றிவர அலுவலகங்கள், ஹோட்டல்கள்; வேலை முடிந்தவர்கள் ஆறுதலாக வந்து இருக்கிறார்கள். மிதக்கும் சந்தைக்குப் பக்கத்தில் பஸ் நிலையம். அங்கே எல்லாரும் பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள். கட்டடம் கட்டினால் மட்டும் சனம் வராது, மச்சான். அதனால் புதிய கட்டடத் தொகுதி கேட்டு மனு எழுதுவதை உங்கள் சங்கம் முதல் வேலையாக வைக்க வேண்டாம்.

நீ ரொறன்ரோவில் மகளோடு நின்றபோது புளோர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைத்தெருப் பக்கம் போனாயா? நிலக்கீழ் ரயிலும் பெரிய அங்காடிகளும் வந்த பிறகு அந்தத் தெருக் கடைக்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. தெருவைத் திருத்தச் சந்தா கேட்டால் சிலர் கொடுப்பார்கள், சிலர் மாட்டார்கள். அதனால் அந்தத் தெருவில் கடை வைத்திருக்கும் எல்லாரும் கட்டாயம் பங்கு தர வேண்டும், அதை நகரசபையே வரியோடு அறவிட்டுத் தர வேண்டும் என்று கேட்டு, 1970இல் சட்டமாகவே வாங்கிக்கொண்டார்கள். உலகத்திலேயே அப்படி நடந்த முதல் தெரு அதுதான். அமெரிக்காவில் 1977இல் கேல்ஸ்பர்க், மடிசன், ஹொட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று சிறு நகரங்களில் பழைய கடைத்தெருக்களை மீட்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு ஊருக்கும் முழுநேர ஆள் ஒருவரைப் போட்டார்கள். கடை கடையாக ஏறி இறங்குவதுதான் அவருக்கு வேலை.

உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். நகரசபையிடம் கேட்கலாம் என்றால், 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளூராட்சி சபைகளில் உறுப்பினர்களே இருக்கவில்லை. 2025 மே தேர்தலுக்குப் பிறகு கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், கேளுங்கள். ஆனால் சங்கமே ஒரு பொடியனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது. அவன் முதலில் செய்ய வேண்டியது, பூட்டியிருக்கிற கடைகளைக் கணக்கெடுத்து, சொந்தக்காரர் கனடாவிலா லண்டனிலா என்று விசாரித்துப் போன் எடுப்பது. விற்கவும் மாட்டார்கள், வாடகைக்கும் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வாடகைக்கு வந்தவர்கள் திரும்ப எழும்ப மாட்டார்கள் என்ற பயம். ஆறு மாத ஒப்பந்தம், சங்கம் பொறுப்பு என்று எழுத்தில் கொடுத்தால் பலர் இறங்கி வருவார்கள்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவின் கடையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. சாவி இங்கே அலுமாரியில் கிடக்கிறது, எனக்கும் அதே பயம்தான் இருந்தது. சித்திரைக்கு வரும்போது கொண்டுவந்து உன் கையில் தருகிறேன். முதல் ஆறு மாதம் வாடகை வேண்டாம். தட்டை வடை சுட்டு விற்கிற பெண்கள் யாராவது கேட்டால் அவர்களுக்கே கொடு. இரவு எட்டு மணிவரை லைற் எரிய வேண்டும், அது மட்டும் என் நிபந்தனை. பலகைக் கதவில் மூன்றாவது பலகை இறுகும், கொஞ்சம் தூக்கிக் கழற்றச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்