என் தோழிகளை உயிரோடு அனுப்பிவைத்தவர்களுக்கு

ஹர்கேசாவிலும் மொகடிஷுவிலும் பைடோவாவிலும் பராவாவிலும், எல்லை தாண்டி எத்தியோப்பியா, கென்யா, யேமன் மண்ணிலும் சோமாலிய மக்களுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ரொறன்ரோவில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்யும் தமிழ்ப் பெண். என்னோடு வேலை செய்பவர்களில் சோமாலியப் பெண்கள் பலர். இரவு வேலையில் முதியவர்கள் தூங்கியபின் கதைக்க நேரம் கிடைக்கும். அவர்கள் போரைப் பற்றிக் கதைக்கும்போது படைத்தலைவர்களின் பெயர் அதிகம் வராது. யார் கதவைத் திறந்தார், யார் ஒட்டகப் பால் தந்தார், யார் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக இன்னொருத்தியின் பிள்ளையையும் படுக்க வைத்தார் என்பதுதான் வரும். நானும் போரால் ஊரை விட்டு வந்தவள் என்பதால் அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அவர்களிடம் கேட்டேன், தேடித் தேடி வாசித்தேன். என் தோழிகள் இன்று என் பக்கத்தில் நிற்பது உங்களால். அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் வடக்கே இருக்கும் ஹர்கேசாவின் இளம் மருத்துவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும். 1981இல் உங்கள் ஊர் மருத்துவமனை பாழடைந்து கிடந்தது. நீங்கள் ஊராரிடம் பணம் சேர்த்தீர்கள், கூட்டித் துடைத்தீர்கள், மருந்தும் கட்டிலும் வாங்கிப் போட்டீர்கள். அதை நாட்டை ஆண்ட சர்வாதிகாரி சியாத் பாரேயின் அரசு சதி என்றது. உங்களைக் கைது செய்தது. 1982 பெப்ரவரியில் உங்களுக்காகத் தெருவில் இறங்கிய மாணவர்களைச் சுட்டது. உங்களில் பலரை லபாத்தன் ஜிரோவ் சிறையில் தனிக்கொட்டடிகளில் 1989 வரை வைத்திருந்தது. நோயாளிக்குக் கட்டில் வாங்கியதற்கு இந்தத் தண்டனை! அந்தச் சிறையிலும் நீங்கள் ஒருவரையொருவர் கைவிடவில்லை. மருத்துவர் ஆதன் அபோகோர், பக்கத்து அறையில் மனம் தளர்ந்துகொண்டிருந்த முகமத் பரூதுக்கு ஒரு தடித்த ரஷ்ய நாவலைச் சுவரில் தட்டித் தட்டி எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினார். பக்கம் பக்கமாக, முழு நாவலையும். இதைப் படித்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை. அபோகோர் ஐயா, அதற்கு நன்றி.

1988 மே கடைசியில், அரசை எதிர்த்து வடக்கில் போராடிய சோமாலி தேசிய இயக்கத்தின் போராளிகள் புராவோவுக்குள்ளும் ஹர்கேசாவுக்குள்ளும் வந்தார்கள். அதற்கு அரசு கொடுத்த பதில் இரண்டு நகரங்களையும் நொறுக்கியது. ஹர்கேசாவின் சொந்த விமான நிலையத்திலிருந்தே போர் விமானங்கள் எழும்பி, அதே ஊரின் வீடுகள்மேல் குண்டு போட்டுத் திரும்பி இறங்கின. பல்லாயிரம் பேர் செத்தார்கள். ஊரை விட்டு ஓடிய வரிசைகளையும் விமானங்கள் விடவில்லை. அதனால் பகலில் முட்செடிகளுக்குள் படுத்து, இரவில் நடந்தார்கள். என் ஹர்கேசாத் தோழி அப்போது சிறுமி. தாகத்தைத்தான் அவள் முதலில் சொல்வாள். மழைநீர் தேங்கும் தொட்டிகளை இராணுவம் உடைத்தும் வழியில் கண்ணிவெடி புதைத்தும் வைத்திருந்த காலம் அது.

அந்த வழியில் கூடாரம் போட்டிருந்த ஆயர் குடும்பங்களே, உங்களுக்கு நன்றி. உங்கள் மந்தைக்கே தண்ணீர் போதாமல் இருந்தது. முன்பின் தெரியாத நகரத்துப் பிள்ளைகளுக்கு முதலில் ஊற்றிக் கொடுத்தீர்கள். நடக்க முடியாதவர்களை ஒட்டகத்தில் ஏற்றினீர்கள். எத்தியோப்பிய எல்லைக்கு அப்பால் ஹார்ட்டிஷேக் என்ற வறண்ட சமவெளியில் ஒரு முகாம் முளைத்தது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய அகதி முகாம் என்று சொல்லப்பட்டது. அங்கே தண்ணீரே கிடையாது, லாரியில் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். ஜிஜிகா பக்கத்திலிருந்து அந்த லாரிகளை ஓட்டிய சாரதிகளுக்கும், இடம் கொடுத்த அந்த நிலத்து மக்களுக்கும் நன்றி. அவர்களும் வசதியானவர்கள் இல்லை.

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. 1988 ஜூலையில், குண்டு போட அனுப்பப்பட்ட விமானி அஹமத் முகமத் ஹசன், தன் மக்கள்மேல் போடமாட்டேன் என்று விமானத்தைத் திருப்பி ஜிபூட்டிக் கரையில் கொண்டுபோய் இறக்கினார். ஐயா, அன்றைக்கு எத்தனை வீடுகள் தப்பின என்று யாரும் எண்ண முடியாது. அந்த வீடுகளின் சார்பில் நன்றி.

அடுத்தது மொகடிஷு. இங்கேதான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1991 ஜனவரி கடைசியில் சியாத் பாரே தப்பி ஓடினார். நல்லது நடக்கும் என்று காத்திருந்த ஊரில், குலம் பார்த்துக் கொல்வது தொடங்கியது. தெருமுனைக்குத் தெருமுனை துப்பாக்கிப் பையன்கள். நீ யார், உன் தகப்பன் யார், பாட்டன் யார், பூட்டன் யார் என்று கேட்டு, வாயிலிருந்து வரும் பெயர்களைக் கொண்டு உயிரா சாவா என்று முடிவு செய்தார்கள். சோமாலியப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்யும் பரம்பரை வரிசை அது. அதையே கத்தியாக்கினார்கள்.

அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரரைத் தன் தம்பி என்று சொன்னவர்களே! வேறு குலத்துக் குடும்பத்தை உள்ளறையில் ஒளித்துவைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களே! தங்கள் முன்னோர் பெயர்களை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இரவோடிரவாகச் சொல்லிக்கொடுத்து, காலையில் சோதனைச் சாவடியைக் கடக்க வைத்தவர்களே! பிடிபட்டிருந்தால் உங்கள் கதி என்ன என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. சொன்னால் இன்றும் உங்கள் உறவினர்களுக்குச் சங்கடம் வரலாம் என்று என் தோழிகள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. பிறந்த வீடு ஒரு குலம், புகுந்த வீடு இன்னொரு குலம் என்று இரண்டுக்கும் நடுவில் கிழிபட்ட பெண்கள், அந்த இரட்டை உறவையே பாதையாக்கி ஆட்களைக் கடத்தி அனுப்பியிருக்கிறார்கள். கணவனின் ஆட்களிடம் ஒரு பேச்சு, அண்ணனின் ஆட்களிடம் ஒரு பேச்சு. அக்காமாரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

1991 நவம்பரிலிருந்து 1992 மார்ச் வரை ஆட்சிக்குப் போட்டியிட்ட இரண்டு தலைவர்களான அலி மஹ்தியின் ஆட்களும் ஐதீத்தின் ஆட்களும் நகரத்தை இரண்டாகப் பிளந்து பீரங்கியால் அடித்துக்கொண்டார்கள். சுமார் 14,000 பேர் கொல்லப்பட்டதாக அன்றைய மனித உரிமைக் கணக்கு. ஐ.நா. அலுவலகங்கள் முன்பே வெளியேறிவிட்டன. செஞ்சிலுவைச் சங்கம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு போன்ற சிலர் மட்டும் தங்கினார்கள். ஐ.நா.வின் மெத்தனத்தை வெளிப்படையாகச் சொன்ன ஐ.நா.வின் சிறப்புத் தூதர், அல்ஜீரியரான முகமத் சஹ்னூன் 1992 அக்டோபரில் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. உண்மை சொன்னதற்கு நன்றி, ஐயா. உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் அடுத்த பல சாவுகள் குறைந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1992 பஞ்சம் மழையால் மட்டும் வரவில்லை. ஜூபா, ஷபெல் ஆறுகளுக்கு இடைப்பட்ட விளைநிலங்களில் படைகள் மாறி மாறிப் புகுந்து தானியக் குழிகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போயின. சோளம் விளைவித்தவர்களே பட்டினி கிடந்தார்கள். அந்தப் பகுதியில் இருக்கும் பைடோவாவைச் சாவின் நகரம் என்று அழைத்தார்கள். அனுப்பிய அரிசி மூட்டையைத் துப்பாக்கிக்காரன் தூக்கிக்கொண்டு போவான், சமைத்த சோற்றைத் தூக்கிக்கொண்டு போய் விற்க முடியாது. அந்த யோசனையில்தான் செஞ்சிலுவைச் சங்கமும் சோமாலியச் செம்பிறைச் சங்கமும் 900க்கும் மேற்பட்ட பொதுச் சமையற்கூடங்களைத் திறந்தன. நாளொன்றுக்குப் பத்து இலட்சம் பேருக்கும் மேல் சாப்பிட்டார்கள். இதைப் படிக்கும்போது பெரிய அமைப்புகளின் பெயர்தான் கண்ணில் படும். அடுப்பு மூட்டியது யார்? அதே ஊர்ப் பெண்கள். தன் பிள்ளையைப் புதைத்த கையோடு வந்து அடுத்தவர் பிள்ளைக்குக் கஞ்சி கிளறியவர்களும் அவர்களில் இருந்தார்கள். தாய்மாரே, உங்களுக்குத் தனியாகக் கைகூப்புகிறேன். இந்தியாவிலிருந்து ஐ.நா. படையோடு போன மருத்துவர்கள் மூன்று பேர் 1994 ஆகஸ்டில் அதே பைடோவாவில் குண்டு விழுந்து இறந்தார்கள். அவர்கள் வீட்டாருக்கும் என் நன்றி.

ஹாவா அப்தி அம்மா, நீங்கள் 2020 ஆகஸ்டில் போய்விட்டீர்கள். இருந்தாலும் உங்களுக்கு எழுதாமல் இந்த மடல் முடியாது. பிள்ளைப்பேற்றில் தாயை இழந்த சிறுமி கீவ் நகரம் போய் மகப்பேறு மருத்துவம் படித்து, 1983இல் மொகடிஷுவுக்கு வெளியே சொந்த நிலத்தில் ஒரு சின்ன வைத்தியசாலை திறந்தார். அவ்வளவுதான் ஆரம்பம். போர் வந்ததும் பிரசவத்துக்கு வந்தவர்களோடு காயம்பட்டவர்கள் வந்தார்கள், பிறகு அவர்களின் குடும்பங்கள் வந்தன. 2007இல் எத்தியோப்பியப் படையும் அதை எதிர்த்த ஆயுதக் குழுக்களும் மொகடிஷுவில் மோதியபோது அப்கோய் நெடுஞ்சாலையோரம் இலட்சக்கணக்கான மக்கள் குவிந்தார்கள். உங்கள் நிலத்தில் மட்டும் 90,000 பேர் வரை இருந்தார்கள். வருகிறவர்களுக்கு நீங்கள் வைத்த சட்டங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. குலத்தைச் சொல்லிப் பிரிக்கக் கூடாது, மனைவியை அடிக்கக் கூடாது. அடித்தவனை ஒரு பண்டகசாலை அறையில் பூட்டிவைப்பீர்களாம். 2010 மே மாதம் நூற்றுக்கணக்கான ஆயுததாரிகள் மருத்துவமனையைச் சூழ்ந்து, பெண் நிர்வாகம் செய்யக் கூடாது என்றார்கள். நீங்கள் இந்தச் சமூகத்துக்கு என்ன செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்டீர்கள். உள்ளே இருந்த பெண்கள் உங்களுக்காகக் குரல் எழுப்பினார்கள், செய்தி உலகமெங்கும் போனது. கடைசியில் பின்வாங்கிய அந்த ஆயுததாரிகளிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டு வாங்கினீர்கள், வாங்கியே விட்டீர்கள்! உங்கள் பாதையில் மருத்துவர்களான மகள்மார் தெக்கோவுக்கும் அமீனாவுக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள் என்று எழுதத்தான் கை போகிறது.

தெற்குக் கரையோர ஊரான பராவாவிலிருந்து வந்த என் தோழிக்காகக் கென்யத் துறைமுகமான மொம்பாசா மக்களுக்கு நன்றி. பராவாக்காரர்கள் வணிகமும் நெசவும் மீன்பிடியும் அறிந்தவர்கள், படை வைத்திருக்கவில்லை. அதனால் வந்த படையெல்லாம் அவர்களைக் கொள்ளையிட்டது, பெண்களைச் சீரழித்தது. நெரிசலான படகுகளில் கென்யக் கரைக்கு வந்தவர்களை அந்தக் கரையோர மக்கள் தங்கள் பள்ளிவாசல்களிலும் வீட்டு முற்றங்களிலும் சேர்த்துக்கொண்டார்கள்.

வடகிழக்குக் கென்யாவில் 1991-92இல் எழுந்த தாதாப் முகாம்கள் 90,000 பேருக்கு என்று போடப்பட்டவை. 2011 பஞ்சத்தில் அங்கே நாலரை இலட்சத்துக்கும் மேல் ஆட்கள். அந்தப் பஞ்சத்தில் சோமாலியாவுக்குள் சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள், பாதிப்பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பல நாள் நடந்து வெறுங்கையோடு வந்தவர்களுக்குப் பதிவு முடியுமுன் சோறும் துணியும் செருப்பும் சேர்த்துக் கொடுத்தவர்கள், இருபது வருடமாக அங்கேயே அடைபட்டிருந்த பழைய அகதிகள். தங்கள் பங்கீட்டு மாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். விறகு பொறுக்கப் போன பெண்கள் காட்டில் வன்கொடுமைக்கு ஆளான அதே முகாமில், தனியாகப் போகாதே, சேர்ந்து போவோம் என்று கூட்டம் சேர்த்துப் போனவர்களும் அவர்கள்தான். முகாமை மூடி எல்லோரையும் திருப்பி அனுப்ப அரசு முடிவெடுத்தபோது வழக்குப் போட்ட கென்ய மனித உரிமையாளர்களுக்கும், 2017 பெப்ரவரியில் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஜோன் மதிவோவுக்கும் நன்றி.

யேமன் மக்களே, ஏடன் வளைகுடாவைக் கடந்து வந்த சோமாலியர்களை நீங்கள் வாசலிலேயே அகதிகளாக ஏற்றீர்கள். கடத்தல்காரர்கள் கரைக்குத் தள்ளி நடுக்கடலில் இறக்கிவிட்டவர்களை உங்கள் மீனவர்கள் இழுத்துக் கரை சேர்த்தார்கள். 2015இல் உங்கள் நாடு எரிந்தபோது உங்கள் குடும்பங்கள் எதிர்க்கரையில் இருக்கும் பெர்பெராவுக்கும் பொசாசோவுக்கும் படகேறின. அங்கே கதவு திறந்திருந்தது.

இன்னும் சிலரை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காணாமல் போனவர்களின் பெயர்களை பிபிசி சோமாலி வானொலியில் வாசித்தவர்களுக்கு நன்றி, அந்த ஒலிபரப்பில் தன் அண்ணன் பெயரைக் கேட்டவள் என்னோடு வேலை செய்கிறாள். துப்பாக்கியைப் போடு, பேனாவை எடு என்று பையன்களிடம் சொல்லி 1996இல் கொல்லப்பட்ட எல்மன் அலி அஹமதுக்கும், கனடாவிலிருந்து திரும்பிப் போய் அந்த வேலையைத் தொடர்ந்த மனைவி பர்துன் ஆதனுக்கும், 2019இல் மொகடிஷுவில் சுடப்பட்ட மகள் அல்மாஸுக்கும் நன்றி. தள்ளுவண்டியில் நோயாளியைத் தள்ளிச் சென்ற ஊரில் இலவச ஆம்புலன்ஸ் தொடங்கிய அப்துல்காதிர் அப்திரஹ்மான் ஆதனுக்கும், 2017 அக்டோபர் 14 அன்று மொகடிஷுவின் சோபே சந்தியில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற லாரிக் குண்டுக்குப் பிறகு இடிபாட்டுக்குள் ஓடிய அவருடைய ஆட்களுக்கும் நன்றி.

கடைசியாக, என்னோடு வேலை செய்பவர்களே, இது உங்களுக்கு. சம்பளம் வந்த அன்றே ஹவாலாக் கடைக்குப் போய், வாடகைக்கு வைத்ததில் பாதியை மாமிக்கும் சித்தப்பா பிள்ளைக்கும் அனுப்பிவிட்டு வருகிறீர்கள். 2001 நவம்பரில் அமெரிக்கா, பணம் அனுப்பும் அல்-பரகாத் நிறுவனத்தை முடக்கியபோது காசு நடுவழியில் நின்று நீங்கள் அழுததையும், அடுத்த வாரமே வேறு வழி கண்டுபிடித்து அனுப்பியதையும் நான் பார்த்தேன். வெளிநாட்டு உதவியைவிட உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் பணம்தான் பல வருடங்களில் சோமாலியாவுக்கு அதிகம் போயிருக்கிறது. மருந்து, பள்ளிக் கட்டணம், கிணறு எல்லாம் உங்கள் இரட்டை வேலையில் வந்தவை.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அடுத்த இரவு வேலையில் வரிக்கு வரி சொல்லிக் காட்டுகிறேன். விட்டுப்போன பெயர்கள் இருந்தால் அப்போதே சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் தமிழ்த் தோழி
ரொறன்ரோ