கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ரிப்போர்ட் பார்த்தேன். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.2 என்று வந்திருக்கிறது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டுவிட்டால் சர்க்கரை நோய். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்கு நீங்கள் போனில் சொன்ன பதில்: "மனசு வரணும்ல தம்பி, வந்தா நடந்துருவேன்."

வராது அண்ணே. காலை ஒன்பதுக்குக் கடை திறந்து இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்குகிறவருக்கு அந்த மனசு எந்த நேரத்தில் வரும்? நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து மைதானத்தைச் சுற்றும் திட்டம் மூன்றாம் நாளே படுத்துவிடும். ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டால் பயந்தாவது போவோம் என்பதும் பலிப்பதில்லை. கட்டின பணத்துக்காக உடம்பு எழுந்திருக்காது.

இதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பிரிட்டன் கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது குழுவுக்கு, உடற்பயிற்சி செய்தால் மாரடைப்பு எப்படித் தள்ளிப்போகும் என்று விளக்கும் பிரசுரம் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கும் அதே பிரசுரம்தான். கூடவே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப் போகிறீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அந்த வாரத்தில் ஒரு முறையாவது பயிற்சி செய்ததாகச் சொன்னவர்கள்: முதல் குழுவில் 38 சதவீதம், பிரசுரம் படித்தவர்களில் 35, எழுதிக் கொடுத்தவர்களில் 91. அறிவுரையால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் உங்களுக்கு உற்சாகம் ஊட்டப் போவதில்லை. கிழமையும் மணியும் இடமும் பேசுவோம்.

அதற்கு முன் ஒரு சந்தேகம் தீர வேண்டும். "நாள் பூரா கடையில நிக்கிறேனே, அது போதாதா?" என்கிறீர்கள். நிற்பது வேறு, நடப்பது வேறு. லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாளுக்கு ஐந்நூறு படிக்கு மேல் ஏறி இறங்குவார். மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம். டிரைவர்கள் குண்டாக இருந்திருப்பார்கள், அதுதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். மோரிஸ் விடவில்லை. சீருடைக் கணக்கை எடுத்து கால்சட்டை இடுப்பளவை ஒப்பிட்டார். டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லியோ தொப்பையோ, ஒரே அளவு கால்சட்டை போட்டவர்களுக்குள்ளும் படி ஏறியவர்களே தப்பினார்கள். நீங்கள் கல்லாவில் செய்வது டிரைவர் வேலை. படியேறுகிறவன் சரக்கு எடுத்துக் கொடுக்கும் உங்கள் கடைப் பையன்.

உங்களைப் போல எல்லையில் இருந்தவர்களுக்கு நடை எவ்வளவு உதவும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்த குழுவில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை எடுத்த குழுவில் 26.4. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பெரிதாக எடை குறையாமலே இந்தப் பலன் கிடைத்ததுதான். இடுப்பு குறையவில்லையே என்று இரண்டாம் மாதம் நடையை விடத் தோன்றும்போது இதை நினைவில் வையுங்கள்.

காரணம் தசையில் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் தசைதான். கதவைத் திறக்க இன்சுலின் வேண்டும். உங்களுக்கு அது சரியாக வேலை செய்வதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலினைக் கேட்காமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு முறை நல்ல நடை நடந்தால், இன்சுலின் சற்று நன்றாக வேலை செய்யும் நிலை ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை நீடிக்கும். பிறகு பழைய கதைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதில் இதனால்தான் உங்களுக்கு முழுப் பலன் கிடைக்காது. "ஒரு நாள் விடலாம், தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது" என்று சர்க்கரை மருத்துவர்கள் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இப்போது உங்கள் நாளுக்கு வருவோம். வீட்டிலிருந்து கடை ஒரு கிலோமீட்டர். பைக்கைக் காலையில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று இதுதான். பைக் கடை வாசலில் நின்றால், இரவு களைப்போடு "இன்னிக்கு நடக்கலாமா வேண்டாமா" என்று உங்களுக்குள் ஒரு பஞ்சாயத்து நடக்கும், எப்போதும் பைக்தான் ஜெயிக்கும். வண்டியே இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை. போக 12 நிமிடம், வர 12 நிமிடம். ஆறு நாளைக்கு 144 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் கேட்பது குறைந்தது 150 நிமிடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைத்தெருவை ஒரு பத்து நிமிடம் சுற்றி வந்தால் இருநூறைத் தாண்டிவிடுவீர்கள். முன்பெல்லாம் பத்து நிமிடத்துக்குக் குறைவாக நடந்தால் கணக்கில் சேராது என்பார்கள். 2020-இல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள்.

இதில் எங்கெல்லாம் இடறும் என்றும் பார்த்துவிடலாம். வசூல் பணத்தோடு இரவில் நடக்காதீர்கள்; அதை மகன் வண்டியில் எடுத்துப் போகட்டும், அல்லது மாலையிலேயே வங்கி மெஷினில் போட்டுவிடுங்கள். சந்து வழியில் நாய்த் தொல்லை உண்டு, விளக்கு இருக்கும் மெயின் ரோடு வழியாக வாருங்கள். ரப்பர் செருப்பு உதவாது. அது நழுவாமல் இருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கும், கெண்டைக்காலும் குதிகாலும் வலிக்கும், வலியைச் சாக்கிட்டு நடை நிற்கும். ஷூவை மாலையில் வாங்குங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெரு உதவாது. அப்போது ஹாலிலோ மேல்கூரை உள்ள மாடியிலோ பத்துப் பத்து நிமிடமாக நடங்கள். எட்டுப் போட்டு நடப்பதில் மந்திரம் ஏதும் இல்லை, ஆனால் சின்ன இடத்தில் ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி முட்டி வலிப்பதை அது தவிர்க்கும்.

வேகம்? பதினைந்து நொடிக்கு 25 காலடி எண்ணிப் பாருங்கள், அதாவது நிமிடத்துக்கு நூறு. பேச முடியவேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது. பாடவும் முடிந்தால் அது வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிற நடை. பத்தாயிரம் அடி என்ற எண்ணை மறந்துவிடலாம். 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது அது.

இரவுச் சாப்பாட்டைப் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கிறீர்கள். அண்ணியிடம் சொல்லி எட்டரைக்கே கடைக்கு டிபன் கொடுத்தனுப்பச் செய்யுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் சர்க்கரை உச்சத்துக்கு ஏறும். சரியாக அந்த நேரம் நீங்கள் ஷட்டரைப் பூட்டி நடக்கத் தொடங்குவீர்கள். நியூசிலாந்தில் 2016-இல் வந்த ஆய்வில், சர்க்கரை நோயாளிகளை ஒரு கட்டத்தில் தினம் அரை மணி நேரம் ஏதோ ஒரு வேளையில் நடக்கச் சொன்னார்கள், இன்னொரு கட்டத்தில் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம். மொத்த நேரம் ஒன்றேதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம் குறைவு. எவ்வளவு நடக்கிறோம் என்பதைப் போலவே எப்போது நடக்கிறோம் என்பதற்கும் விலை உண்டு.

முதல் இரண்டு வாரம் இதற்கு மேல் எதுவும் சேர்க்காதீர்கள். உற்சாகத்தில் முதல் நாளே ஐம்பது தண்டால் எடுத்தால் மூன்றாம் நாள் கை தூக்க முடியாது. அந்த வலி ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை உச்சத்தில் இருக்கும், அதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.

மூன்றாவது வாரத்திலிருந்து புதனும் ஞாயிறும் காலையில் கால் மணி நேரம் தசைப் பயிற்சி. பலரும் விட்டுவிடும் பகுதி இது. சர்க்கரையை வாங்கி வைக்கும் தசையையே நாற்பது வயதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறோம், நடை மட்டும் அதைத் தடுக்காது. ஜிம் தேவையில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, முன் நுனியில் உட்காருங்கள். பாதம் தோள் அகலத்தில், குதிகால் முட்டிக்குச் சற்று பின்னால். நெஞ்சை முன்னால் சாய்த்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். மூன்று எண்ணிக்கையில் மெதுவாக உட்காருங்கள். எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. தொப்பென்று உட்கார்ந்தால் பலனில் பாதி போய்விடும். எழும்போது முட்டி இரண்டும் உள்ளே சேர்ந்தால் வலி வரும், கால் விரல்கள் பார்க்கும் திசையிலேயே முட்டியும் போக வேண்டும். முட்டி முனகினால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

அடுத்து சுவர்த் தண்டால், பத்து. சுவரிலிருந்து ஒரு கை நீளத்துக்குச் சற்று தள்ளி நின்று, உள்ளங்கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாகச் சாய்ந்து எழ வேண்டும். பதினைந்து சுலபமாக வந்தால் கனமான மேசை விளிம்புக்கு மாறுங்கள். பிறகு ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி, ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, இன்னொரு கையால் கேனை இடுப்பு வரை இழுங்கள், பக்கத்துக்கு எட்டு. கடைசியாகச் சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, பதினைந்து. எதிலும் மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். எழும்போது மூச்சை விடுங்கள். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருந்தால் எடை சரி. இருபது வரை சிரமமில்லாமல் போனால் கேன் லேசு.

கடைக் கணக்கு நோட்டில் அன்றைய பக்கத்தின் ஓரத்தில் 'நடை' என்று எழுதி டிக் போடுங்கள். வேறு ஆப் எதுவும் வேண்டாம், அந்த நோட்டை நீங்கள் எப்படியும் திறப்பீர்கள். லண்டனில் 96 பேரை வைத்து, ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுமதிப்பு 66 நாள். ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 வரை போகும் என்று கணக்கு. 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற கதையை நம்பி இருபத்திரண்டாம் நாள் மனம் உடைய வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. தீபாவளி வாரத்தில் நள்ளிரவு வரை கடை நடக்கும், அப்போது நாற்காலியிலிருந்து எட்டு முறை எழுந்து உட்கார்ந்தால் போதும், டிக் போட்டுக்கொள்ளுங்கள்.

எடை மெஷினில் தினம் ஏறாதீர்கள். அரை மணி நடைக்குச் செலவாகும் சக்தி ஏறக்குறைய ஓர் உளுந்து வடை. நடந்து முடித்து டீக்கடையில் வடையோடு உட்காருகிற வாக்கிங் கோஷ்டிகள் பல வருடமாக அதே எடையில் இருப்பதன் ரகசியம் அதுதான். தூக்கம் முதலில் சீராகும். மூன்று, நான்கு வாரத்தில் நாற்காலியிலிருந்து எழுவது லேசாகும். நூல்டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை மாதம் ஒரு முறை அளந்து எழுதுங்கள், நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. இருபது நாளில் திரும்ப ரத்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். அது மூன்று மாதச் சராசரி, பழைய நாட்களையும் சேர்த்தே காட்டும்.

நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, தலை சுற்றினாலோ அங்கேயே உட்கார்ந்து போன் செய்யுங்கள். வாயு என்று சோடா குடிக்காதீர்கள். பிற்பாடு டாக்டர் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை ஏதாவது சேர்த்தால், நடக்கும் நேரத்தை அவரிடம் சொல்லுங்கள், சர்க்கரை திடீரென இறங்க வாய்ப்புண்டு.

திங்கட்கிழமை காலை பைக் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அவரிடமும் பேசியாயிற்று, கேட்டாலும் தரமாட்டார். மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் எடுத்ததும் போட்டோ அனுப்புங்கள், இடுப்பளவு எழுதின பக்கத்தையும் சேர்த்து.

அன்புடன்,
தம்பி